டோல் கட்டுகிறோம், சாலையை யார் பார்க்கிறார்கள்?

தேசிய நெடுஞ்சாலைகளின் பராமரிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவில் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் அடிக்கடி போகும் நான்குவழிச் சாலையில் மழைக்குப் பிறகு ஏகப்பட்ட குழிகள். சாவடியில் கேட்டால் "நாங்க வசூல் மட்டும்தான் சார்" என்கிறார்கள். அலுவலகத்துக்குப் போன் செய்தால் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறார்கள். உண்மையில் யார்தான் பொறுப்பு?
(வாசகர், திண்டிவனம்)

பதில்: இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வருத்தமே அதில்தான் இருக்கிறது. ஒரே சாலையில் வசூல் ஒருவரிடமும் பராமரிப்பு இன்னொருவரிடமும் மேற்பார்வை மூன்றாமவரிடமும் இருப்பது இப்போது சாதாரணம். அதனால் "ரோடு ஏன் இப்படி இருக்கு" என்று கேட்பதற்கு முன்னால், "இந்தக் கிலோமீட்டர் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, அது எப்போது முடிகிறது" என்று கேளுங்கள்.

நாட்டில் சுமார் 1,46,000 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. எல்லாமே தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பகுதியை மாநில நெடுஞ்சாலைத் துறைகள் பார்க்கின்றன. எங்கள் பிரிவு செய்தது அந்த வேலைதான். எல்லைப் பகுதிகளில் எல்லைச் சாலைகள் அமைப்பு பார்க்கிறது. வடகிழக்கிலும் மலைப் பகுதிகளிலும் 2014இல் தொடங்கிய இன்னொரு மத்திய நிறுவனம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1995இல் வேலையைத் தொடங்கிய ஆணையத்திடம் இருப்பவை பெரும்பாலும் போக்குவரத்து மிகுந்த பெரிய சாலைகள்.

ஆணையத்தின் சாலைகளிலும் பல வகை உண்டு. பி.ஓ.டி. என்றால், சாலையைக் கட்டியவரே ஒப்பந்தக் காலம் முழுக்க டோல் வாங்கிக்கொள்வார், பராமரிப்பதும் அவர் பொறுப்பு. 2016இல் வந்த ஹைப்ரிட் ஆன்யுட்டி முறை வேறு மாதிரி. கட்டும்போது செலவில் 40 சதவீதத்தை ஆணையம் கொடுக்கும், மீதியைப் 15 ஆண்டுகளில் தவணையாகத் தரும். டோல் ஆணையத்துக்குப் போகும், பராமரிப்பு மட்டும் கட்டியவர் தலையில் இருக்கும். நீங்கள் கேட்ட பதில்கள் இந்த வகைச் சாலையில் சகஜமாக வரும். சாவடியில் உட்கார்ந்திருப்பவர் வசூலுக்கு மட்டும் டெண்டர் எடுத்தவர். அவரிடம் ஜல்லியும் இல்லை, ரோலரும் இல்லை.

அப்புறம் இ.பி.சி. இதில் அரசுப் பணத்தில் கட்டுவார்கள். கட்டி முடித்த பிறகு தார்ச்சாலைக்கு 5 ஆண்டும் கான்கிரீட் சாலைக்கு 10 ஆண்டும் குறைபாடுகளைச் சரிசெய்ய வேண்டியது கட்டியவர் பொறுப்பு. அந்தக் காலமும் முடிந்துபோன சாலைகளுக்கு ஆணையம் தனியாகப் பராமரிப்பு ஒப்பந்தம் விடுகிறது. குறுகிய கால ஒப்பந்தம் என்றால் ஓரிரு ஆண்டு, செயல்திறன் ஒப்பந்தம் என்றால் 5 முதல் 7 ஆண்டு.

இந்தக் கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். குறுகிய கால ஒப்பந்தம் என்ற பழைய முறையில் ஒப்பந்ததாரருக்குச் சதுர மீட்டர் கணக்கில் பணம். நூறு சதுர மீட்டர் பேட்ச் போட்டால் நூறுக்குப் பில். சாலை எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவு வேலை, அவ்வளவு பணம். செயல்திறன் ஒப்பந்தத்தில் சாலையைக் குறிப்பிட்ட தரத்தில் வைத்திருப்பதற்காக மாதாமாதம் தொகை. குழி இருந்தால் பிடித்தம். அதனால் குழி விழுவதற்கு முன்பே விரிசலை அடைப்பது அவருக்கே லாபமாகிறது. நம் மாநிலத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் இப்படித்தான் முதலில் செய்து பார்த்தது. என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சதுர மீட்டர் பில்களில் கையெழுத்துப் போட்டே கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பராமரிப்பு என்றாலே இந்த முறைதான் இருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. சாலைகள் கெடுவது பெரும்பாலும் இந்த ஒப்பந்தங்களுக்கு நடுவில். ஒருவர் பொறுப்பு மார்ச்சில் முடியும். அடுத்தவரை எடுக்க வேண்டிய டெண்டர் ஆவணம் ஜூனில்தான் நகரும். வேலை உத்தரவு வருவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அந்த மழையில் விழுகிற குழிக்கு எழுத்தில் உரிமையாளர் யாரும் இல்லை. உங்கள் சாலையும் அப்படியொரு இடைவெளியில் இருக்கலாம். ஆனால் இடைவெளியில் இருந்தாலும் பொறுப்பு காற்றில் போய்விடாது. சாலையை ஏற்ற அமைப்பின் திட்டச் செயலாக்கப் பிரிவும் அதன் திட்ட இயக்குநரும்தான் அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள்.

கேள்வி: லாரிக்குச் சாலை வரி கட்டுகிறோம், டீசலில் செஸ் கட்டுகிறோம், டோலும் கட்டுகிறோம். ஒரே சாலைக்கு மூன்று முறை பணம். இதெல்லாம் எங்கே போகிறது?
(லாரி உரிமையாளர், நாமக்கல்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் போகிறது.

சாலை வரி மாநில அரசுக்கு. அது தேசிய நெடுஞ்சாலைக்கு என்று கட்டிவைத்த பணம் இல்லை.

டீசல் செஸ்ஸின் கதை நீளமானது. 1927இல் எம்.ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த குழு, மோட்டார் வாகனங்கள் பெருகுவதால் மாகாணங்களால் மட்டும் சாலைகளைக் காப்பாற்ற முடியாது என்று சொன்னது. 1929இல் பெட்ரோல் காலனுக்கு 2 அணா கூடுதல் வரி போட்டு மத்திய சாலை நிதியைத் தொடங்கினார்கள். ஓட்டுகிறவர் தருகிற பணம் ஓடுகிற சாலைக்கே போக வேண்டும் என்ற எண்ணம் அதில் தெளிவாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, மத்திய சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று விரித்தார்கள். இப்போது சாலை தவிர எரிசக்தி, நீர், சுகாதாரம், தகவல்தொடர்பு போன்ற கட்டமைப்புகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. 2022 மே மாதம் நடந்த வரி மாற்றத்துக்குப் பிறகு இந்த செஸ் பெட்ரோலில் லிட்டருக்கு 5 ரூபாய், டீசலில் 2 ரூபாய் என்று இருந்தது. பெட்ரோல், டீசல் மீதான மத்திய வரியில் பெரும் பங்கு வேறு தலைப்புகளில் வருகிறது. செஸ் பணத்தில் பராமரிப்புக்கு என்று பிரித்து வைத்த பங்கு புதுச் சாலைக்கான பங்கை விட எப்போதும் சிறியதுதான். இதை நான் ஏற்கவில்லை. கென்யா 1993இல் கொண்டுவந்த சட்டத்தில் எரிபொருள் மீதான அந்தக் கட்டணத்துக்கே சாலைப் பராமரிப்புக் கட்டணம் என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே வேலையைக் கட்டிப்போட்டுவிட்டால் நிதித்துறை அதை வேறு பக்கம் திருப்புவது கொஞ்சமாவது கடினமாகும்.

மூன்றாவது டோல். 2024-25இல் தேசிய நெடுஞ்சாலைகளில் மொத்த வசூல் 61,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இதில் பி.ஓ.டி. சாலையின் பணம் சாலையை எடுத்தவருடைய எஸ்க்ரோ கணக்குக்கு, அதாவது ஒப்பந்தம் சொன்னபடி மட்டுமே பணம் எடுக்கக்கூடிய தனி வங்கிக் கணக்குக்குப் போகிறது. அந்தக் கணக்கிலிருந்து எதற்கு முதலில் எடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் வரிசை உண்டு. வங்கிக் கடன் தவணைக்கு முன்னாலேயே இயக்கம், பராமரிப்புச் செலவு வருகிறது. நல்ல ஏற்பாடு, அதைக் கண்காணிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அரசுப் பணத்தில் கட்டிய சாலையின் டோல் அப்படி இல்லை. அது மத்திய அரசின் பொதுக் கஜானாவான இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. பிறகு பட்ஜெட் வழியாக ஆணையத்துக்குத் திரும்பி வருகிறது. இதை ப்ளோ பேக் என்பார்கள். திரும்பி வரும்போது நீங்கள் எந்தச் சாவடியில் கட்டினீர்கள் என்ற அடையாளம் அந்தப் பணத்தில் இருக்காது. அது புதுச் சாலைக்கு நிலம் எடுக்கப் போகலாம், பழைய கடனுக்கு வட்டியாகப் போகலாம். 2022இல் ஆணையத்தின் கடன் ஏறத்தாழ மூன்றரை லட்சம் கோடி ரூபாய் இருந்தது. அதன் பிறகுதான் வெளிச்சந்தையில் கடன் வாங்குவதை நிறுத்தி, பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பத் தொடங்கினார்கள். அந்தச் சுமைக்கு நடுவில் ஒரு சிறுபாலத்தின் அடைப்பு எடுக்கக் கேட்கிற சில லட்சம் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். புதுச் சாலைக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. வடிகால் தூர்வாரியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. ஆகவே டோலில் ஒரு பங்கை அந்தந்தச் சாலையின் பராமரிப்புக்கு என்று சட்டப்படி பூட்டி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சிவில் படிக்கிறேன் ஐயா. நான்குவழிச் சாலையில் வலது லேன் நன்றாக இருக்கிறது, இடது லேன் மட்டும் பள்ளம் விழுந்து கெடுகிறது. கார்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்?
(மாணவி, காரைக்குடி)

பதில்: சாலையைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது, வாழ்த்துகள் மகளே. சக்கரத் தடத்தில் நீளவாக்கில் விழும் அந்தப் பள்ளத்துக்கு ரட்டிங் என்று உங்கள் பாடத்தில் வரும். எத்தனை வண்டி போகிறது என்பதை விட, ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு எடை என்பதுதான் சாலைக்குக் கணக்கு. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே போட்ட சாலையில் ராணுவ லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு எடை கூடினால் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடுகிறது என்ற விதி அதிலிருந்து வந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு.

நம் வடிவமைப்பில் நிலையான அச்சு 8.16 டன். ஒரு காரின் அச்சு முக்கால் டன்னுக்கும் குறைவு. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்; 0.7 டன் என்று வைத்தால் ஒரு நிலையான அச்சு செய்யும் சேதத்துக்குப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார் அச்சுகள் தேவை. லாரிகள் இடது லேனில் போகின்றன, இடது லேன் கெடுகிறது.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட அச்சு எடையை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. எடையில் 13 சதவீதம்தான் கூடுதல். நான்காம் அடுக்கில் பார்த்தால் சேதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அதற்கு முன் வடிவமைத்த சாலைகள் எல்லாம் அதே கனத்தில்தான் இருக்கின்றன. சரக்குக் கட்டணம் குறைவது எல்லாருக்கும் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி கூடுதல் ஓவர்லேக்கு (பழைய தளத்தின் மேல் போடும் புதுத் தார் அடுக்குக்கு) வந்திருக்க வேண்டும்.

டோலும் இதை முழுதாகப் பிரதிபலிப்பதில்லை. 2008ஆம் ஆண்டு விதிகளில் அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு, இரண்டு அச்சு லாரிக்கும் பேருந்துக்கும் 2 ரூபாய் 20 காசு. அதன்மேல் ஆண்டுதோறும் 3 சதவீதமும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் சேர்கிறது. லாரி காரைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு கொடுக்கிறது; சேதமோ ஆயிரக்கணக்கான மடங்கு. (நாமக்கல் வாசகர் இதைப் படித்து வருந்த வேண்டாம். லாரிக்காரர் மீது சுமத்தினால் அது அரிசி விலையில் வரும் என்பதால்தான் அரசு இப்படி வைத்திருக்கிறது.) நியூசிலாந்தில் 1978 முதல் கனரக வாகனங்களிடம் எடையையும் ஓடிய தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள்.

குழி என்பது வேறு கதை. அது தண்ணீர் செய்யும் வேலை. மேலே தார்க் கலவை, அதன் கீழே ஜல்லி அடுக்குகள், அதற்கும் கீழே மண். மேல் அடுக்கில் வெயிலாலும் வயதாலும் மயிரிழை விரிசல் வருகிறது. அதன் வழியே நீர் இறங்கி ஜல்லி அடுக்கை நனைக்கிறது. நனைந்த அடுக்கின் மேல் லாரிச் சக்கரம் ஏறி இறங்கும்போது நீரும் அழுத்தப்பட்டு நுண்துகள்களை வெளியே தள்ளுகிறது. உள்ளே வெற்றிடம் விழுந்து மேல் தளம் உடைகிறது. ஓட்டு வீட்டில் ஒரு ஓடு நகர்ந்ததும் மாற்றாமல் விட்டால் கை மரம் வரை உளுத்துப்போகுமே, அதே கதைதான். ஆகவே விரிசல் அடைப்பதும், வடிகாலில் நீர் தேங்காமல் பார்ப்பதும், காலம் தவறாமல் ஓவர்லே போடுவதும்தான் உண்மையான பராமரிப்பு. குழியை நிரப்புவது தாமதமாக வந்த வைத்தியம்.

தாமதத்தின் விலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உலக வங்கி 1988இல் 85 வளரும் நாடுகளின் சாலைகளைப் பற்றி எழுதியது. காலத்தில் 1,200 கோடி டாலருக்கும் குறைவாகப் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், 4,500 கோடி டாலருக்கான மறுகட்டுமானத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது அதன் முடிவு. இதை உங்கள் பேராசிரியரிடம் கேட்டு விரிவாகப் படியுங்கள். பாலம் வடிவமைக்க ஆள் நிறைய வருகிறார்கள், பராமரிப்புப் பொறியாளராக வர ஆள் இல்லை.

கேள்வி: சாலை மோசமாக இருந்தால் டோல் கட்ட மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?
(இல்லத்தரசி, வாலாஜாபேட்டை)

பதில்: சாவடியில் நின்று நீங்களாக மறுக்க முடியாது அம்மா. ஆனால் நீதிமன்றங்கள் தலையிட்டிருக்கின்றன, உங்கள் ஊர் சாலையிலேயே. 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், மதுரவாயல்-வாலாஜாபேட்டை சாலை இருக்கிற நிலைக்கு நெமிலி, சென்னசமுத்திரம் சாவடிகளில் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜூனில் மதுரைக் கிளை, மதுரை-தூத்துக்குடி சாலையின் இரண்டு சாவடிகளில் வசூலுக்குத் தடை போட்டது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

கேரளத்தில் நடந்ததுதான் இதில் பெரியது. இடப்பள்ளி-மண்ணுத்தி சாலையில் மணிக்கணக்கில் நெரிசல். 2025 ஆகஸ்ட் 6ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சாவடியில் வசூலை நிறுத்தியது. ஆணையமும் சாலையை எடுத்த நிறுவனமும் மேல்முறையீடு செய்தன. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 19இல் அதைத் தள்ளுபடி செய்தது. அக்டோபரில்தான் வசூல் மறுபடி தொடங்கியது. டோல் என்பது சேவைக்கான கட்டணம், சேவை இல்லாவிட்டால் கட்டணம் கேட்க முடியாது என்ற வாதம் அங்கே நின்றது. இந்த மூன்றும் நீதிமன்ற வழக்குகளில் வந்தவை, சாவடியில் மறுத்து வந்தவை இல்லை. இதை மாவட்டந்தோறும் நீதிமன்றம்தான் செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி. சாலை குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே போனால் கட்டணம் தானாகக் குறைய வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிடலாம்.

கேள்வி: குழியை மூடாத ஒப்பந்ததாரருக்கு அபராதமே கிடையாதா?
(வாசகர், கரூர்)

பதில்: உண்டு. சாலையில் கிடக்கும் இடிபாடுகளை 6 மணி நேரத்தில் எடுக்க வேண்டும், குழியை ஒன்றிரண்டு நாளில் மூட வேண்டும் என்றெல்லாம் பி.ஓ.டி. ஒப்பந்த அட்டவணையில் இருக்கிறது. மீறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அன்றாடச் சராசரி வசூலில் அரை சதவீதம், அல்லது பழுதுச் செலவில் 0.1 சதவீதம், எது அதிகமோ அது. நாளுக்கு 40 லட்சம் வசூலாகும் ஒரு சாலை என்று வைத்துக்கொள்வோம். குழிக்கு அபராதம் நாளுக்கு 20,000 ரூபாய். 40 லட்சம் வருகிற இடத்தில் 20,000 யாருக்கு வலிக்கும்? பெரிய ஓவர்லே வேலையைத் தள்ளிப்போட்டால் மட்டும் இரண்டாவது கணக்கில் தொகை ஏறும்.

இதை விடப் பலமான ஆயுதம் ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆணையமே வேலையைச் செய்துவிட்டு, செலவையும் அதன்மேல் 20 சதவீதத்தையும் வசூலிக்கலாம். அதைப் பயன்படுத்தத்தான் அதிகாரிக்கு முதுகெலும்பு வேண்டும். குறையை எழுத வேண்டியவர், சாலையை மேற்பார்வையிட நியமிக்கப்படும் சுயேச்சைப் பொறியாளர். அவருடைய கட்டணத்தில் பாதி, யாருடைய குறையை எழுத வேண்டுமோ அவரிடமிருந்து வருகிறது. இது மாற வேண்டும்.

கேள்வி: போட்ட பணத்தை எடுத்த பிறகும் டோல் வாங்குவது சரியா?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், அரியலூர்)

பதில்: 2008 விதிகள், போட்ட முதலீடு திரும்பி வந்த பிறகு 40 சதவீதக் கட்டணம் போதும் என்றன. பராமரிப்புக்கு அவ்வளவுதான் தேவை என்ற ஒப்புதல் அதில் இருந்தது. 2023 அக்டோபரில் செய்த திருத்தம் அந்தக் குறைப்பை நீக்கிவிட்டது. டோல் தொடர்வதில் எனக்கு மறுப்பில்லை, சாலைக்குப் பராமரிப்பு கடைசிவரை வேண்டும். முழுக் கட்டணம் தொடர்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நம் சாலைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறார்களாமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: சாலை விற்கப்படுவதில்லை ஐயா, டோல் வாங்கும் உரிமை சில ஆண்டுகளுக்குப் போகிறது. 2018இல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் சுமார் 680 கிலோமீட்டர் சாலையை 30 ஆண்டுகளுக்கு எடுத்து, ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி 9,681 கோடி ரூபாயை முன்கூட்டியே கொடுத்தது. 2021இல் ஆணையம் தொடங்கிய உள்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளையும் இப்படி டோல் உரிமையை எடுக்கிறது; அதில் கனடாவின் இரண்டு ஓய்வூதிய நிதிகள் பணம் போட்டிருக்கின்றன. பராமரிப்பும் எடுத்தவர் பொறுப்பு. பணம் போட்டவர் எந்த நாட்டுக்காரர் என்பதில் எனக்குக் கவலை இல்லை. 30ஆம் ஆண்டில் என்ன நிலையில் திருப்பித் தருவார் என்பதில்தான் கவலை. குத்தகை முடியப்போகிற நிலத்துக்கு யாரும் தொழுவுரம் போடுவதில்லை என்பது கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததில்லை. கடைசி மூன்று ஆண்டுகளுக்கான பராமரிப்புத் தொகையை முன்னதாகவே பிடித்து வைக்க வேண்டும்.

கேள்வி: என் அப்பா மாநில நெடுஞ்சாலையில் சாலைப் பணியாளர். இப்போது கேமரா வைத்த வண்டி வந்து சாலையை அளக்கிறது, இனி ஆட்கள் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?
(வாசகி, சிவகங்கை)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்த வண்டி நல்ல கருவி. லேசரும் கேமராவும் வைத்து, ஓடிக்கொண்டே மேடுபள்ளம், விரிசல், ரட்டிங் எல்லாவற்றையும் அளக்கிறது. முன்பெல்லாம் ஒரு உதவிப் பொறியாளர் கண்ணால் பார்த்து "சுமார்" என்று எழுதியதை இப்போது எண்ணில் எழுத முடிகிறது, ஒப்பந்ததாரரிடம் காட்டிக் கேட்க முடிகிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளப்பது என்ற ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன்.

ஆனால் அந்த வண்டி சாலையின் மேல் தளத்தைத்தான் பார்க்கும். சிறுபாலத்துக்குள் எட்டிப் பார்க்காது. கரையில் ரெயின் கட் (மழைநீர் அரித்த பள்ளம்) விழுந்து மண் சரிவதும், வயல்காரர் வரப்பை நகர்த்தி வடிகாலை அடைத்ததும் அதற்குத் தெரியாது. உங்கள் அப்பாவுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 1997இல் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்களை எடுத்தார்கள். 2002 செப்டம்பரில் ஒரே உத்தரவில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006 பிப்ரவரியில்தான் திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதங்களில் அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். சாலைகளும் பட்டன. புல் வெட்ட ஆளில்லாமல் சாலையோர மண், தார்த் தளத்தை விட உயர்ந்து, மழைநீர் வெளியே போக வழியின்றிச் சாலை மேலேயே நின்றது. அப்படி நின்ற இடமெல்லாம் அடுத்த மழையில் உடைந்தது.

கூலியைக் குறைத்து அந்தக் கணக்கில் மிச்சம் பிடித்த பணம், மறுபடி தார் போட்ட கணக்கில் போய்விட்டது. இரண்டும் வெவ்வேறு தலைப்பு என்பதால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. செயல்திறன் ஒப்பந்தம் எடுத்தவரும் குறிப்பிட்ட தூரத்துக்கு இத்தனை நிரந்தர ஆட்கள் என்று வைத்தாக வேண்டும், அவர்களுக்குப் பி.எஃப். கட்டியாக வேண்டும் என்று நிபந்தனை போடலாம். வண்டி அளக்கட்டும், வேலையை ஆட்கள் செய்யட்டும்.

கேள்வி: புகார் எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் பயன் உண்டா?
(வாசகர், ஓசூர்)

பதில்: விபத்து, நடுவழியில் நின்ற வண்டி, உடனடி ஆபத்தான குழி என்றால் 1033. இலவச எண், இரவும் பகலும் எடுப்பார்கள். ராஜ்மார்க்யாத்ரா செயலியில் படத்துடன் போடலாம். புகாரில் "பைபாஸ் பக்கத்தில்" என்று எழுதாதீர்கள். தேசிய நெடுஞ்சாலையின் கி.மீ. கல் மேலே மஞ்சள் நிறத்தில் இருக்கும். அந்த எண், எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம், எந்த லேன், நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். வண்டியை ஓரமாக, பாதுகாப்பாக நிறுத்திவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

இரண்டு வாரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் திட்ட இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். "ஏன் சரிசெய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணமாகக் கேளுங்கள். இந்தக் கிலோமீட்டர் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, முடிவு தேதி என்ன? பராமரிப்பு அட்டவணையின் நகல். கடந்த ஆறு மாதங்களின் பொறியாளர் ஆய்வறிக்கைகள். தாமதத்துக்கு விதித்த அபராதமும் அதில் உண்மையில் வசூலான தொகையும். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள்.